முன்தேவைகள் பட்டியலில் எழுதப்படாத ஒன்று

ஜாங்கோவை நிறுவ என்ன வேண்டும் என்று அதன் ஆவணத்தைத் திறந்து பார்த்தால், பட்டியல் மிகச் சிறியது. கணினியில் பைத்தான் மொழி இருக்க வேண்டும். தரவுத்தளம் ஒன்று வேண்டும். கற்றுக்கொள்வதற்குப் போதுமான எஸ்கியூலைட் பைத்தானோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதன் பிறகு ஒற்றை வரிக் கட்டளை. முன்தேவைகள் இவ்வளவுதான். பைத்தானின் விண்டோஸ் நிறுவி, ஜாங்கோ, அதற்குத் துணையான சிறு தொகுப்புகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 40 எம்பி வராது. வாட்சப்பில் வரும் கல்யாண வீடியோ அதைவிடப் பெரிது.

பிறகு ஏன் எங்கள் பிள்ளைகள் பலர் இந்த முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள்?

நான் கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. வட மாவட்டம் ஒன்றில், சேரியில் இயங்கும் இரவுப் பாடசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வலை நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பிசிஏ, பிஎஸ்சி படிக்கும் முதல் தலைமுறை மாணவர்கள். நான் பார்த்தவரை, நிரல் எழுதுவதில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நிரல் எழுதும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர்களைத் தோற்கடித்துவிடுகிறார்கள். எப்படித் தோற்கடிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜாங்கோவைப் பற்றித் தெரியாத தோழர்களுக்கு ஒரு சிறு விளக்கம். வீடு கட்டப் போகிறவர் செங்கல் சூளை போடுவதில்லை. செங்கல்லை வாங்கி அடுக்குகிறார். அதுபோல வலைத்தளம் கட்டுகிறவருக்கு உள்நுழைவுப் பக்கம், படிவம், தரவுத்தளத் தொடர்பு போன்றவற்றை ஆயத்தமாகத் தருவதுதான் ஃபிரேம்வொர்க் என்னும் சட்டகம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது ஜாங்கோ. விலை கிடையாது. மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். இன்ஸ்டாகிராம் இதன்மீதுதான் கட்டப்பட்டது. பணம் கேட்காத, சான்றிதழ் கேட்காத, சாதி கேட்காத ஒரு கருவி. சேரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாசல் இருக்க முடியாது என்று நம்பித்தான் இதைச் சொல்லித்தரத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால் வாசல் திறந்திருப்பதும் வாசல்வரை வழி இருப்பதும் ஒன்றல்ல.

முதலில் பதிப்பு எண்களைப் பார்ப்போம். எங்கள் பாடசாலைக்கு வரும் மடிக்கணினிகள் பெரும்பாலும் பழையவை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது, பிறகு தம்பிக்கு வந்தது என்று கைமாறி வருபவை. அவற்றில் சிலவற்றில் இன்னமும் விண்டோஸ் 7 ஓடுகிறது. பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7இல் நிறுவ முடியாது. கடைசியாக அதில் ஓடுவது 3.8தான். ஜாங்கோ 5.0க்குப் பைத்தான் 3.10 வேண்டும். ஆக, விண்டோஸ் 7 வைத்திருக்கும் மாணவிக்குக் கிடைக்கக்கூடிய கடைசி ஜாங்கோ 4.2. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 ஏப்ரல் வரைதான். 'பைத்தான் இருக்க வேண்டும்' என்ற ஒரு வரிக்குள் எந்த ஆண்டு வாங்கிய கணினி, எந்த இயங்குதளம், அதை மாற்ற யாருக்குத் தெரியும் என்ற கேள்விகள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இத்தனைக்கும் அந்தக் கணினி செத்துப்போன கணினி அல்ல. அதே பழைய மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் 12 லினக்ஸைப் போட்டால், பைத்தான் 3.11 அதனோடு சேர்ந்தே வருகிறது. ஜாங்கோ 5.2 அதில் தாராளமாக ஓடும். இரண்டு ஜிபி நினைவகம் இருந்தாலும் இலகுவான திரைச் சூழலைத் தேர்ந்தெடுத்தால் வேலை நடக்கும். செலவு ஒரு பென்டிரைவும் ஒரு மாலைப் பொழுதும். தெரிந்தவருக்கு இது தீர்வு. தெரியாதவருக்கு இப்படி ஒரு தீர்வு இருக்கிறது என்பதே தெரியாது. புதுக் கணினி வாங்க வழியில்லை, ஆகவே இந்தப் படிப்பு நமக்கில்லை என்று முடித்துக்கொள்வார்.

நல்ல கணினி இருப்பவர்களுக்கும் வழியில் கதவுகள் உண்டு. பைத்தானின் வழக்கமான விண்டோஸ் நிறுவியில், முதல் திரையின் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். பைத்தான் இருக்கும் இடத்தைக் கணினியின் 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டம் அது. அதில் குறி இடப்பட்டிருக்காது. நாம்தான் இட வேண்டும். கவனிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டால், நிறுவல் வெற்றி என்று திரை சொல்லும். ஆனால் கட்டளைச் சாளரத்தில் பைத்தான் என்று அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று கணினி சொல்லும். விண்டோஸ் 10 ஆக இருந்தால் மைக்ரோசாஃப்ட் கடை தானாகத் திறந்துகொள்ளும். இதைத் தாண்டி வந்து மெய்நிகர் சூழலை இயக்கப்போனால், இந்தக் கணினியில் ஸ்கிரிப்டுகளை இயக்கத் தடை உள்ளது என்று பவர்ஷெல் சிவப்பு எழுத்தில் கத்தும்.

இந்த மூன்றுக்கும் தீர்வு ஆளுக்கு ஒரு நிமிடம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால். இல்லையென்றால் மூன்று நாள், அல்லது மூன்று நாளுக்குப் பிறகு விட்டுவிடுவது.

எங்கள் பாடசாலைக்கு வந்த மாணவி ஒருத்தி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டில் தனியாக முயன்று பார்த்திருக்கிறாள். 'பாத்' கட்டத்தில் தட்டுப்பட்டு நின்றிருக்கிறாள். மூன்று முறை நிறுவி, மூன்று முறை நீக்கியிருக்கிறாள். என்னிடம் வந்து அவள் சொன்னது, "அக்கா, இது எனக்கு வராதுக்கா." கணினி சரியில்லை என்று சொல்லவில்லை. நிறுவி சரியில்லை என்று சொல்லவில்லை. தனக்கு வராது என்றாள். கட்டத்தில் குறி இட்டு மறுபடி நிறுவினோம். அன்று மாலையே தன் ஊர் நூலகத்துக்கான புத்தகப் பட்டியலை வலைப்பக்கமாகக் காட்டினாள். அவளுக்கு வராதது எதுவும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நிறுவல் பக்கத்தின் பட்டியலில் எழுதப்படாத முன்தேவை இதுதான்: கேட்பதற்கு ஓர் ஆள். அந்த ஆள் யாருக்கு இருக்கிறார், யாருக்கு இல்லை என்ற இடத்தில்தான் சாதி உள்ளே வருகிறது.

கல்லூரி விடுதியில் என்னோடு படித்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கும் இதே பிழைச் செய்திகள் வந்தன. போனை எடுப்பார்கள். பெங்களூருவில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், சியாட்டிலில் இருக்கும் மாமா, சோழிங்கநல்லூரில் இருக்கும் சித்தி வீட்டுக்காரர் என யாரோ ஒருவர் எடுப்பார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதில் யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. சொந்தக்காரர் சொந்தக்காரருக்கு உதவினார், அவ்வளவுதான் என்பார்கள். உண்மை. ஆனால் சொந்தம் என்பது இந்த நாட்டில் எப்படி உண்டாகிறது? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணமுறைதான் என்று காட்டினார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும்வரை, சொந்தமும் சாதிக்குள்ளேயே இருக்கும். சொந்தம் சாதிக்குள் இருக்கும்வரை, சொந்தத்தின் வழியாகப் பாயும் அறிவும் சாதிக்குள்ளேயே சுற்றிவரும். எந்தத் தலைமுறையில் எந்தச் சாதிகள் மென்பொருள் துறைக்குள் முதலில் நுழைந்தனவோ, அவற்றின் பிள்ளைகளுக்குப் போனில் கூப்பிட ஆள் இருக்கிறது. துப்புரவுப் பணியாளரின் மகளுக்கு, செங்கல் சூளைத் தொழிலாளியின் மகனுக்கு, போன் இருக்கிறது. கூப்பிட எண் இல்லை.

இதை நான் மிகைப்படுத்துவதாகச் சிலர் சொல்லலாம். பிழைச் செய்தி எல்லோருக்கும்தான் வருகிறது, ஏழைப் பார்ப்பனப் பையனுக்கும் பழைய கணினிதான் கிடைக்கிறது, விழுந்து எழுந்துதான் எல்லோரும் கற்கிறோம் என்பார்கள். பிழைச் செய்தி சாதி பார்ப்பதில்லை என்பது சரி. ஆனால் ஒரே பிழைச் செய்தியை இருவர் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. துறையில் பத்துப் பேரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அது சரிசெய்ய வேண்டிய ஒரு கோளாறு. 'உங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது' என்று ஆரம்பப் பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு, அது தனக்கு எதிராக வந்த தீர்ப்பு. ஒருவனுக்கு ஒரு மணி நேரம் வீணாகிறது. இன்னொருத்திக்குத் தன்மீதான நம்பிக்கை போகிறது. ஏழையாக இருக்கும் ஆதிக்கச் சாதிப் பையனுக்குக் கணினி இல்லாமல் இருக்கலாம். அந்தத் தீர்ப்பைக் கேட்டு வளர வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

வெறும் கணினி எண்ணிக்கையே நம் நிலையைச் சொல்லும். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி, இந்தியாவில் 10.7 விழுக்காட்டுக் குடும்பங்களில்தான் கணினி இருந்தது. ஊரகத்தில் 4.4 விழுக்காடு. இணைய வசதி இருந்த ஊரகக் குடும்பங்கள் 14.9 விழுக்காடு. போன் பரவியிருக்கிறது, இணையம் மலிந்திருக்கிறது. கணினி அப்படிப் பரவவில்லை. எங்கள் மாணவர்களில் சிலர் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு ஆண்ட்ராய்டு போனிலேயே ஜாங்கோவை ஓட்டுகிறார்கள். ஓடுகிறது. ஆனால் உள்ளங்கை அகலத் திரையில் கட்டைவிரலால் நிரல் எழுதுகிறவனையும் இரண்டு திரை வைத்து எழுதுகிறவனையும் ஒரே நேர்காணலில் உட்காரவைத்து 'நீ என்னென்ன செய்திருக்கிறாய், காட்டு' என்று கேட்பதற்குப் பெயர் தகுதித் தேர்வாம்.

நிறுவனங்கள் இன்று மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. கிட்ஹப்பில் என்ன வைத்திருக்கிறாய், சொந்தமாக என்ன கட்டியிருக்கிறாய் என்று கேட்கின்றன. இது மதிப்பெண் வெறியைவிட நல்ல முறை என்று நானும் ஒருகாலத்தில் மகிழ்ந்ததுண்டு. மதிப்பெண்ணுக்காவது ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, வகுப்பறை இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது. சொந்தமாகக் கட்டுவதற்கான முன்தேவைகளை எந்தப் பாடத்திட்டமும் தருவதில்லை. அதை வீடுதான் தருகிறது. வீடு தந்ததை வாங்கிக்கொண்டு வந்தவனைத் திறமைசாலி என்கிறார்கள். ஐஐடிகளைப் பற்றி அஜந்தா சுப்ரமணியன் 2019இல் வெளியிட்ட நூல், சாதி எப்படித் தகுதி என்ற பெயரில் மறுபிறப்பு எடுக்கிறது என்பதை ஆராய்ந்தது. அந்த மறுபிறப்பு ஐஐடி நுழைவுத் தேர்வில் மட்டும் நடப்பதில்லை. ஓர் அரசுக் கல்லூரி ஆய்வகத்திலும் நடக்கிறது. எங்கள் மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரியில் ஆய்வகக் கணினிகளில் எதையும் நிறுவ மாணவர்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகக் கடவுச்சொல் ஒருவரிடம் இருக்கிறது. அவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். கேட்டால், பாடத்திட்டத்தில் ஜாங்கோ இல்லையே என்கிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லாததைத்தான் நேர்காணலில் கேட்கிறார்கள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதெல்லாம் தொழில்நுட்பத்தின் இயல்பு, மாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்தேவைகள் வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். மனிதர்களே அவற்றை நீக்கவும் செய்கிறார்கள். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இன்னொரு சட்டகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வந்த அதன் 6ஆம் பதிப்பில், புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கவே ரூபியோடு நோட், யார்ன் என்ற கூடுதல் கருவிகளும் வேண்டியிருந்தன. புதிதாக வருபவர்கள் அதில் தடுக்கி விழுந்தார்கள். 2021 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பு இயல்பான வழியை மாற்றி அமைத்தது. நோட் இல்லாமலேயே தொடங்கலாம் என்றானது. தேவை என்று சொல்லப்பட்டது இரண்டே ஆண்டுகளில் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஜாங்கோவும் அப்படியே: மைஎஸ்கியூஎல் நிறுவினால்தான் தொடங்கலாம் என்று வைக்காமல், கூடவே வரும் எஸ்கியூலைட்டை இயல்பாக வைத்தது ஒரு முடிவு. அந்த ஒரு முடிவு எத்தனையோ பேரை உள்ளே விட்டிருக்கிறது.

இன்னும் முக்கியமான முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 2014இல் பெர்லினில் ஓலா சிடார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்ற இரண்டு பெண்கள் ஜாங்கோ கேர்ல்ஸ் என்ற பயிற்சிப் பட்டறையைத் தொடங்கினார்கள். நிரலாக்கமே தெரியாத பெண்களுக்கு ஒரே நாளில் வலைத்தளம் கட்டக் கற்றுத்தருவது நோக்கம். கட்டணம் இல்லை. மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது அவர்கள் வகுத்த அளவு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, பட்டறைக்கு முந்தைய மாலையில் நிறுவலுக்கு மட்டும் என்று எல்லோரையும் கூட்டி உட்காரவைக்கும் அவர்களுடைய வழக்கம். அதை விருந்து என்றே அழைத்தார்கள். நிறுவலை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் யார் யார் மறுநாள் வரமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெண்கள் என்பதால் தொழில்நுட்பத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள், 'கேட்க ஓர் ஆள்' என்பதை அதிகாரப்பூர்வமான முன்தேவையாக எழுதி, அதைத் தாங்களே நிறைவேற்றியும் காட்டினார்கள்.

நாம் ஏன் செய்யக்கூடாது?

அரசிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கணினி படிக்கும் மாணவருக்கு அந்த 'அல்லது' சிறிய சொல் அல்ல. கைக்கணினியில் பாடம் பார்க்கலாம். மென்பொருள் கட்டுவது கடினம். தரும் கணினியில் பைத்தானும் ஜாங்கோவும் நிரல் எழுதும் கருவியும் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூட உரிமக் கட்டணம் இல்லை. அரசுக் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் தம் கணக்கில் தாமே தொகுப்புகளை நிறுவிக்கொள்ளும் அனுமதி வேண்டும். முதல் பருவத்தில் நிறுவலே ஒரு செய்முறை வகுப்பாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணும் உண்டு, ஆசிரியரும் உண்டு என்று.

ஆனால் அரசு வரும்வரை காத்திருக்கும் பழக்கம் நம் இயக்கத்துக்கு இல்லை. எழுதப் படிக்க யாரும் சொல்லித்தராத காலத்தில், அரிக்கேன் விளக்கு வைத்து இரவுப் பாடசாலை நடத்தியவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஊருக்கு ஊர் இருக்கும் அந்தப் பாடசாலைகளில் மாதம் ஒரு ஞாயிறு நிறுவல் நாள் வைக்கலாம். அதற்குத் தேவையானவை குறைவு. ஒரு பென்டிரைவ். அதில் டெபியன் லினக்ஸ், பைத்தான் நிறுவி, ஜாங்கோ தொகுப்புகள். இணையம் உள்ள ஒரு கணினியில் பிப் கருவியைக் கொண்டு தொகுப்புகளை ஒரே ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையமே இல்லாத ஐம்பது கணினிகளில் அந்தப் பென்டிரைவிலிருந்தே நிறுவலாம். பிப்பிடம் இணையத்துக்குப் போகாதே, இந்தக் கோப்புறையில் தேடு என்று சொல்லும் வசதி இருக்கிறது. கூடவே தமிழில் நான்கு பக்கக் கையேடு: 'பாத்' கட்டம், பவர்ஷெல் தடை, பதிப்புப் பொருத்தம், பிழைச் செய்தியை வாசிக்கும் முறை. எங்கள் பாடசாலையில் இதை எழுதிப் பிரதி எடுத்துக் கொடுக்கிறோம்.

பென்டிரைவும் கையேடும் கிடைத்துவிடும். கிடைக்க வேண்டியது ஆள். மென்பொருள் துறையில் வேலைக்குப் போய்விட்ட நம் தோழர்களிடம்தான் இதைக் கேட்கிறேன். சென்னையிலும் பெங்களூருவிலும் கோவையிலும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் சொந்த ஊரைச் சொல்லத் தயங்கிக்கொண்டு, சம்பளத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பிக்கொண்டு இருக்கிறீர்கள். பணத்தோடு உங்கள் போன் எண்ணையும் அனுப்புங்கள். மாதம் ஒரு ஞாயிறு வாருங்கள். வர முடியாவிட்டால், இரவு எட்டு மணிக்கு மேல் மூன்று பேருடைய பிழைச் செய்திக்குப் பதில் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் பெரியப்பா மகனாகவோ சித்தி மகளாகவோ இருக்க வேண்டியதில்லை.

அகமணத்தால் கட்டப்பட்ட சொந்தம் தன் பிள்ளைகளுக்கு மட்டும் ரகசியமாகத் தந்துகொண்டிருப்பதை, இயக்கத்தால் கட்டப்பட்ட சொந்தம் எல்லோருக்கும் வெளிப்படையாகத் தர வேண்டும். நிறுவல் பக்கத்தில் பைத்தான் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு மேலே, எங்கள் பாடசாலைக் கையேட்டில் முதல் வரியாக ஒரு பாடசாலை முகவரியும் ஒரு நேரமும் அச்சிட்டிருக்கிறோம். உங்கள் ஊர்க் கையேட்டிலும் அந்த வரி வர வேண்டும்.